பிரிக்காத பேடில்

கோகிலவாணியிடம் பிக்கிள்பால் பழக வந்தவர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சொல்லித் தருகிற கோகிலவாணிக்கு முப்பத்தொன்று. மற்றவர்கள் அவளைக் கோச் என்பார்கள். நாச்சிமுத்து மட்டும் அம்மிணி என்பார்.

சிங்காநல்லூரில் முன்பு பஞ்சு குடோனாக இருந்த தகரக் கொட்டகைதான் இடம். உள்ளே இரண்டு ஆடுகளம். இடுப்புயரத்துக்கு வலை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. பந்தை அடிக்கிற மட்டைக்குப் பேர் பேடில். காலை ஐந்தரைக்குக் கதவு திறக்கும். ஒன்பதுக்குள் எல்லாரும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நாச்சிமுத்துவின் பிழைப்பு மோட்டார் பம்பு சாமான் கடை. கடையில் அவர் தலைக்கு மேலே ஒரு போர்டு தொங்கும். 'கவர் பிரித்த சாமான் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.' முப்பது வருடமாக அந்தப் போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். வாங்க வந்தவர்கள் அதைப் படித்தார்களோ இல்லையோ, அவர் படித்துவிட்டார். கார் வாங்கி நான்கு வருடம் ஆகிறது, சீட்டின் பிளாஸ்டிக் உறை இன்னும் போகவில்லை. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். வீட்டில் டிவி ரிமோட்டுக்கும் உறை உண்டு. அந்த உறை கிழிந்தபோது அதன் மேலேயே இன்னொரு உறை போட்டார்.

கொட்டகையில் வருடத்துக்கு ஒரு முறை இரட்டையர் போட்டி நடக்கும். போன வருடம் நாச்சிமுத்துவும் சகாயராஜும் ஜோடி. சகாயராஜ் கரண்டு ஆபீசில் லைன்மேன், இடதுகைக்காரர். முதல் ஆட்டத்திலேயே பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆறு மாதம் விடவில்லை. "ஏனுங்கண்ணா, அந்த ரெண்டு பாயிண்டு எப்படிக் கெடைச்சுது?" என்று கேட்டுக்கொண்டே டீ குடித்தார்கள்.

அதனால் இந்த வருடம் நாச்சிமுத்து ஆன்லைனில் புதுப் பேடில் ஒன்று வரவழைத்தார். போட்டிக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்.

"அம்மிணி, இதைப் பாருங்க. கார்பனுங்க."

கோகிலவாணி வாங்கிக் கையில் எடை பார்த்தாள். இரண்டு பக்கமும் கண்ணாடி போல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கைப்பிடியைச் சுற்றிப் பாலிதீன் உறை. அடியில் நூல் கட்டி விலைச்சீட்டு.

"நல்லாருக்குதுங்கண்ணா. பிரிக்கலீங்களா?"

"பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டானுங்க. ஏழு நாள் டைம் குடுத்திருக்கறான். ஆடிப் பாக்கறது. கைக்குச் சரிப்பட்டு வந்தா வெச்சுக்கறது. வரலைன்னா பெட்டியோட அனுப்பிடறது."

"சரிங்கண்ணா."

"நீங்க சொல்லுங்க. இது எனக்குச் சரிப்பட்டு வருமுங்களா?"

"எட்டாம் நாள் சொல்றனுங்கண்ணா."

நாச்சிமுத்து விரலை மடக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஏழாம் நாளோட முடிஞ்சு போகுதுன்னு இப்பத்தான சொன்னேன். எட்டாம் நாள் சொன்னா நான் அதை வெச்சுட்டு என்ன பண்றது?"

கோகிலவாணி பந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது ஆடுகளத்துக்குப் போய்விட்டாள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பி வேலியில் ஒரு மரச்சட்டம் அடித்திருக்கும். ஆட வந்தவர்கள் தங்கள் பேடிலை அதில் வரிசையாகச் செருக வேண்டும். நான்கு பேடில் சேர்ந்தால் அந்த நான்கு பேருக்கு ஒரு ஆட்டம். செருகியதை முறை வரும் முன் உருவக் கூடாது. உருவினால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. இது கோகிலவாணி போட்ட விதி இல்லை. தானாக வந்து, நிலைத்துவிட்டது.

நாச்சிமுத்து சட்டத்தில் பழைய பேடிலைச் செருகினார். மரம் உரசினால் கீறல் விழும் என்று புதியதைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். முறை வந்ததும் பழையதை உருவி ஓரமாக வைத்துவிட்டு, பையிலிருந்து புதியதை எடுத்து ஆடினார். ஆடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துப் பைக்குள் போட்டார். ஆட்ட முடிவில் நான்கு பேரும் வலைக்கு வந்து பேடிலோடு பேடில் தட்டிக்கொள்வார்கள். நாச்சிமுத்து வெறுங்கையை முட்டியாக மடக்கி நீட்டினார்.

"இது என்னண்ணா, கொழந்தைக்கு முட்டாயை ஒளிச்சு நீட்டறாப்பல?" என்றார் சகாயராஜ்.

"தட்டினா அடையாளம் விழுகும் சகாயம்."

"பந்துல அடிச்சாலும்தான விழுகும்?"

"அதுக்குத்தான் கவர்."

பிளாஸ்டிக் தாளில் பட்ட பந்து நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு எங்கெங்கோ போனது. விலைச்சீட்டு ஒவ்வொரு அடிக்கும் மணிக்கட்டைத் தட்டியது. அதை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். அறுக்கவில்லை.

திங்கட்கிழமை கோகிலவாணி வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து வாசலில் மாட்டினாள். போட்டிக்குச் சேர்கிறவர்கள் ஜோடியாகப் பேர் எழுத வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜோடி இல்லாத ஒற்றைப் பேர்களை அழித்துவிடுவாள்.

சகாயராஜ் தன் பேரை எழுதினார். பக்கத்தில் ஒரு கோடு போட்டு, பேனாவை நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"பொறு சகாயம். பேடிலு முடிவாகட்டும். செட்டாச்சுன்னா எழுதலாம். இல்லைன்னா இந்த வருசம் எதுக்கு? மறுக்காவும் ரெண்டு பாயிண்டு எடுத்துக் கடைவீதி பூராச் சிரிக்கறதுக்கா?"

"அப்ப நானு?"

"அதுதான் பொறுன்னு சொல்றனே."

சகாயராஜ் பேனாவுக்கு மூடி போட்டார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நாச்சிமுத்து ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து சுவரில் அடித்துப் பழகினார். பந்து வழுக்குகிறது என்பதால் அதற்குத் தகுந்தாற்போல் பேடிலை மேல்நோக்கிச் சாய்த்து, வேகமாக வீசக் கற்றுக்கொண்டார். கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது. புதன்கிழமை ஆட்டத்தின் நடுவே அப்படி ஒன்று வீசினார். வேர்த்த கையில் பாலிதீன் உறை வழுக்க, பந்து இங்கேயே விழுந்தது. பேடில் வலையைத் தாண்டிப் போனது. எதிர் ஜோடியில் ஆடிய தில்லையப்பன் குனிந்துகொண்டதால் அவர் மூக்கு தப்பியது.

"இது அவுட்டா, 'இன்'னா?" என்று கேட்டார் சகாயராஜ்.

நாச்சிமுத்து ஓடிப்போய்ப் பேடிலைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். உறை கிழியவில்லை. அப்புறம்தான் தில்லையப்பனைப் பார்த்தார்.

வியாழக்கிழமை தில்லையப்பன் சகாயராஜைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவருடைய ஜோடிக்குக் கால் சுளுக்கிக்கொண்டதாம். அதை சகாயராஜே வந்து நாச்சிமுத்துவிடம் சொன்னார்.

"என்னன்னு சொன்னே?"

"சனிக்கிழமை எட்டு மணி வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொன்னனுங்க."

நாச்சிமுத்துவுக்கு அன்று கடையில் கணக்காக வேலை ஓடவில்லை. பைப்பு கேட்டவருக்கு வால்வை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் கோகிலவாணி தரையில் உட்கார்ந்து தன் பேடிலின் கைப்பிடிக்குப் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓரமெல்லாம் தேய்ந்து, நடுவில் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு தழும்பு விழுந்த பேடில் அது. நாச்சிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மிணி, நீங்க உங்க பேடிலை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

"நான் எடுக்கலீங்கண்ணா. சேலத்துல ஒரு போட்டி. பாதி ஆட்டத்துல என் பேடிலு உடைஞ்சு போச்சுங்க. முந்தின ஆட்டத்துல எங்கிட்டத் தோத்த பொண்ணு ஓரமா நின்னுட்டு இருந்தா. அவ இதை நீட்டுனா."

"அது உங்க கைக்குச் சரிப்பட்டு வந்துதுங்களா?"

"அன்னைக்கு வரலீங்க. தோத்துட்டேன்."

"அப்புறம்?"

"அவ திருப்பிக் கேக்கலீங்கண்ணா."

"அது எப்பங்க?"

"ஆறு வருசமாச்சுங்க."

டேப்பின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டினாள். நாச்சிமுத்து இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வரவில்லை.

சனிக்கிழமை காலை நாச்சிமுத்து வரும்போதே பேடில் வந்த அட்டைப்பெட்டியும் ஒட்டுகிற டேப்பும் கையில் இருந்தன. திருப்பி எடுத்துக்கொண்டு போகிற ஆள் பத்து மணிக்குக் கடைக்கு வருவதாகச் செய்தி வந்திருந்தது. கொட்டகையில் வைத்தே பேடிலைத் துடைத்தார், ரப்பர் பேண்டைக் கழற்றினார், விலைச்சீட்டை நீவி நேராக்கினார். பெட்டிக்குள் வைத்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

சகாயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"திருப்பறீங்களா?"

"பந்து நிக்க மாட்டேங்குது சகாயம். வழுக்குது."

"கவரைப் பிரிச்சா நிக்குமுங்க."

"பிரிச்சும் நிக்கலைன்னா?"

"நிக்கலைதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க? பதினொண்ணுக்கு ரெண்டு. போன வருசம் அதுக்கப்புறமும் உசுரோடதான இருந்தோம்?"

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. சகாயராஜ் எழுந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"எடமிருந்தா என்னையும் உள்ள வெச்சு ஒட்டிருங்கண்ணா. ஆனா ரெண்டு வருசம் ஆயிப்போச்சு. இனி எடுத்துக்குவாங்களான்னு தெரியலை."

சொல்லிவிட்டுத் தில்லையப்பன் நின்ற பக்கம் போனார். கடிகாரத்தில் எட்டு ஆக இருபது நிமிடம் இருந்தது.

நாச்சிமுத்து பெட்டியிலிருந்து பேடிலை எடுத்துக்கொண்டு கோகிலவாணியிடம் போனார்.

"அம்மிணி, எட்டாம் நாள் நாளைக்குத்தான். இன்னைக்கே சொல்லக் கூடாதுங்களா? ஒரு வார்த்தை போதும். சரிப்படும்னா சரிப்படும். இல்லைன்னா இல்லை."

கோகிலவாணி பேடிலை வாங்கினாள். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டு நெம்பினாள். பிளாஸ்டிக் தாளின் ஒரு மூலை, பயறளவுக்குத் தூக்கிக்கொண்டது. அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"இவ்வளவுதானுங்கண்ணா என்னால ஆகும்."

நாச்சிமுத்து தூக்கிய மூலையை விரலால் அழுத்தினார். விட்டதும் எழுந்துகொண்டது. எச்சில் தொட்டு அழுத்திப் பார்த்தார்.

"ஒட்டலீங்களே."

"ஒட்டாதுங்கண்ணா."

"மூலை தூக்கியிருந்தா எடுக்க மாட்டானுங்க அம்மிணி. நானே எங்க கடையில எடுக்க மாட்டேன்."

கோகிலவாணி பலகையைத் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பலகையில் இரண்டு ஒற்றைப் பேர்கள் இருந்தன. முதல் பேருக்கு உரியவர் போட்டிக்கு வரவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார், அதைத் துடைத்தாள். இரண்டாவது சகாயராஜின் பேர். அதற்கு முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஜவுளிக்கடையில் புதுத்துணியைக் கிழிப்பது போல, நீளமாக. ஆடிக்கொண்டிருந்தவர்கள் பந்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் மறுபக்கத் தாள், அதே சத்தம். அப்புறம் கைப்பிடி உறை. விலைச்சீட்டின் நூல் அறவில்லை. நாச்சிமுத்து பல்லால் கடித்தார்.

வந்து பேனாவை எடுத்தார். சகாயராஜ் போட்டு வைத்திருந்த கோட்டின் மேல் தன் பேரை எழுதினார். அவசரத்தில் 'நா' கொஞ்சம் கோணலாக விழுந்தது.

கோகிலவாணி துணியை மடித்து வைத்தாள்.

சகாயராஜ் தில்லையப்பன் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். பலகையைப் பார்த்தார். தரையில் கிடந்த பெட்டியைப் பார்த்தார்.

"இதை என்னண்ணா பண்றது?"

"நீதான எடம் கேட்டே? ஏறி உக்காரு."

முதல் பந்தை சகாயராஜ் மெதுவாகப் போட்டார். நாச்சிமுத்து ஒரு வாரமாகப் பழகியபடி சாய்த்து வீசினார். சத்தமே வேறாக இருந்தது. சொரசொரத்த பேடில் பந்தைப் பிடித்துச் சுழற்றிவிட, போகிற வேகத்திலேயே தலை குப்புற இறங்கி வலையில் விழுந்தது. இரண்டாவதும் வலை. பத்துப் பந்தில் ஏழு வலையில் போய்ச் சேர்ந்தது.

நாச்சிமுத்து வேர்த்து வழிய வந்து நின்றார்.

"அம்மிணி, பிரிச்சதும் கெட்டுப்போச்சுங்க. கவரோடவே தேவலையாட்ட இருக்குது."

"அப்படிங்களா?"

"ஏழு நாளா நான் பழகுனது ஒட்டுக்கா வீணுங்களா?"

"பந்தைப் போடச் சொல்லுங்கண்ணா. இன்னும் நேரமிருக்குது."

ஒன்பது வரைக்கும் அடித்தார். பத்து மணிக்கு ஆள் கடைக்கு வந்து காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு போனான்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. முதல் ஆட்டம் நாச்சிமுத்து, சகாயராஜ் ஜோடிக்கு. ஆரம்பத்தில் நாச்சிமுத்து அடித்ததெல்லாம் வலைக்குப் போயிற்று. ஐந்துக்குச் சைபர். சகாயராஜ் நடுவில் வருகிற பந்தையெல்லாம் இடதுகையால் தடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் எப்படியோ ஒரு பந்து வலையைத் தாண்டி எதிராளியின் காலடியில் சுருண்டு விழுந்தது. அது எப்படி விழுந்தது என்று நாச்சிமுத்துவுக்கே தெரியவில்லை. எதிராளிகள் பத்து, இவர்கள் ஒன்பது என்று வந்து நின்றது. கடைசிப் பந்தை நாச்சிமுத்து மெதுவாகத் தட்டினார். அது வலையின் மேல் விளிம்பில் பட்டு, போவதா வேண்டாமா என்று நின்று, இந்தப் பக்கமே விழுந்தது.

பதினொன்றுக்கு ஒன்பது. தோற்றார்கள்.

நான்கு பேரும் வலைக்கு வந்தார்கள். நாச்சிமுத்து வெறுங்கையை முட்டியாக மடக்கினார். அப்புறம் விரித்துக்கொண்டு பேடிலை நீட்டினார். மூன்று பேரும் தட்டினார்கள். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"ஒம்போது பாயிண்டு" என்றார் சகாயராஜ். "கடைக்காரங்க கிட்டச் சொல்லிருங்க. இனி ஒவ்வொரு பாயிண்டும் எப்படிக் கெடைச்சுதுன்னு கேட்டா டீ ஆறிப்போயிரும்."

அடுத்த ஜோடிகள் இறங்கினார்கள். இரண்டாவது ஆடுகளத்தில் தோற்றவர்கள் சும்மா ஆடிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். சகாயராஜ் போய்ச் சட்டத்தில் தன் பேடிலைச் செருகிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

நாச்சிமுத்து கோகிலவாணியிடம் வந்தார்.

"அம்மிணி, இன்னைக்கு எட்டாம் நாள். சொல்றேன்னு சொன்னீங்க."

"என்னதுங்கண்ணா?"

"இது எனக்குச் சரிப்பட்டு வருமுங்களா?"

கோகிலவாணி பேடிலை வாங்கினாள். முதல் நாள் போலவே கையில் எடை பார்த்தாள். கீறலைப் பார்த்தாள். நடுவில் பந்து பட்டுப் பச்சையாக ஒரு கறை விழுந்திருந்தது, அதையும் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"பிரிச்சு இன்னைக்கு ரெண்டாம் நாளுங்கண்ணா."

சட்டத்தில் சகாயராஜின் பேடிலுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நாச்சிமுத்து போய்ப் புதியதை அதில் செருகினார்.